படமும் பாடமும்

ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயில நமக்கு இடம் கிடைத்தபோது, அந்நகரில் நெடுநாள் வாழ்ந்த நம் பெரியப்பா மகிழவும் இல்லை, வருந்தவும் இல்லை. ஜாதவ்பூர் என்றால் பொறியியல் என்பதே அவர் கருத்து. ஆயினும் தடை சொல்லாமல் விடை கொடுத்தார். பின்னர் ஒரு நாள், விக்டோரியா மகாராணியார் காலத்து நாவல்களை அவற்றின் படங்களோடு சேர்த்துப் படிக்கும் வகுப்பொன்றில் சேர்ந்திருக்கிறோம் என்று கூறினோம். அன்று மட்டும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். "படம் பார்த்துக் கதை சொல்வதை ஒன்றாம் வகுப்பிலேயே நீ முடித்துவிட்டாய் என்றல்லவா எண்ணியிருந்தேன்!" என்றார். லேக் மார்க்கெட்டில் அப்போதுதான் வறுத்து அரைத்து வாங்கி வந்த காப்பிப் பொடியைப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு, அண்டை வீட்டாரிடமும் அதைச் சொல்லிச் சிரித்தார். அச்சிரிப்புக்குரிய விடை அன்று நம்மிடம் இல்லை.

தமிழகத்துக்கு வெளியே வாழும் அன்பர்களின் வீடுகளில் இத்தகைய உரையாடல் புதிதன்று. பிறந்த ஊரை விட்டு வந்தது பிள்ளைகள் பிழைப்புக்குரிய கல்வியைப் பெறுவதற்கே என்று பெரியவர்கள் கருதுவதில் தவறும் இல்லை. ஆகவே, படம் போட்ட கதையில் ஒரு பல்கலைக்கழகம் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்னும் வினாவை எடுத்துக்கொண்டு, அதன் வரலாற்றைச் சிறிது கூறுவோம்.

முதலில் அந்த நிலையத்தைப் பற்றி ஒரு சொல். வங்கப் பிரிவினையை எதிர்த்து நாடெங்கும் சுதேசி முழக்கம் எழுந்த காலத்தில், 1906-ஆம் ஆண்டு, தேசியக் கல்விக் கழகம் தோன்றியது. அக்கழகம் அதே ஆண்டில் திறந்த கல்லூரிக்கு முதல்வராக அமர்ந்தவர், பின்னாளில் புதுச்சேரியைத் தம் தவநிலமாகக் கொண்ட அரவிந்தர். ஆங்கில அரசாங்கம் அளிக்கும் கல்வி வேண்டா என்று எழுந்த அம்முயற்சியின் வழித்தோன்றலே 1955-ஆம் ஆண்டில் சட்டப்படி உருப்பெற்ற ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகம். மறு ஆண்டிலேயே கவிஞர் புத்ததேவ வசு அங்கு ஒப்பிலக்கியத் துறையை நிறுவினார். இந்திய நாட்டில் அத்துறை முதன்முதல் தோன்றியது அங்கேதான். ஆங்கிலேயரின் கல்வியை மறுத்துப் பிறந்த இடத்தில் ஆங்கிலேயரின் கதைப் படங்களை ஆராய்வது முரண் போலத் தோன்றலாம். ஆனால், கட்டளைக்காகப் படிப்பது வேறு, நாமே தேர்ந்து படிப்பது வேறு அன்றோ?

நம் வகுப்பின் முதல் நாளில் ஆசிரியர் கேட்ட வினா ஒன்று இன்றும் நினைவில் இருக்கிறது. தாக்கரே எழுதிய 'வானிட்டி ஃபேர்' என்னும் நாவலை முன்னமே படித்தவர் யார் என்று கேட்டார். பலர் கை உயர்த்தினோம். "ஜோசப் செட்லி எவ்வாறு இறந்தான்?" என்பது அடுத்த வினா. இந்தியாவில் கலெக்டர் உத்தியோகம் பார்த்துப் பணமும் உடற்பருமனும் சேர்த்துக்கொண்டு திரும்பிய அந்த அப்பாவி மனிதனை அந்நாவலைப் படித்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கதையின் முடிவில் பெக்கி ஷார்ப் என்னும் சாமர்த்தியக்காரியின் பிடியில் சிக்கி, அவன் மாண்டுபோகிறான். அவன் செய்திருந்த ஆயுள் இன்ஷூரன்ஸில் ஒரு பங்கு அவளுக்குச் சேர்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் ஐயங்கொள்கிறார். ஆசிரியர் தாக்கரே அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே, "தெரியாது; ஆசிரியர் சொல்லாமல் விட்டுவிட்டார்" என்று விடையளித்தோம். "நீங்கள் படித்தது பாதி நாவல்" என்றார் நம் ஆசிரியர்.

அவ்விடை நம்மைச் சுட்டது. முன்பு ஒரு கல்லூரியில் அந்நாவலை வரிக்கு வரி படித்து, நல்ல மதிப்பெண்ணும் பெற்றிருந்தோம். தேர்வுக்கென்று அச்சிடப்பட்ட அந்த மலிவுப் பதிப்பில் முன்னுரை இருந்தது, குறிப்புரை இருந்தது, மாதிரி வினாக்களும் இருந்தன. படம் ஒன்றுகூட இல்லை. படங்கள் இருந்தன என்று சொல்லும் ஒரு வரியும் இல்லை.

தாக்கரே வங்கத்துக்கு அயலார் அல்லர். 1811-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள் கல்கத்தாவிலேயே பிறந்தார். அவர் பிறந்த இல்லமென்று சுட்டப்படும் இடம், முன்னாளில் ஃப்ரீ ஸ்கூல் தெரு என்றும் இந்நாளில் மிர்ஸா காலிப் தெரு என்றும் பெயர் கொண்ட வீதியில், ஆர்மீனியர் கல்லூரியின் வசம் உள்ளது. தந்தை கும்பெனி உத்தியோகஸ்தர், 1815-இல் இறந்தார். மறு ஆண்டு, ஐந்து வயதுப் பாலகனைத் தாயிடமிருந்து பிரித்துக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். வழியில் செயின்ட் ஹெலினா தீவில், சிறைப்பட்டிருந்த நெப்போலியனை அச்சிறுவன் கண்டான். வளர்ந்த பின் அவர் விரும்பியது ஓவியத் தொழிலையே. எழுத்து பின்னர் வந்தது.

அவர் ஓவியராக வேலை தேடிச் சென்ற கதையிலிருந்துதான் விக்டோரியக் காலத்துப் பட நாவலின் வரலாறும் தொடங்குகிறது. 1836-ஆம் ஆண்டில் சேப்மன்-ஹால் என்னும் லண்டன் பதிப்பகத்தார், ராபர்ட் சீமோர் என்ற புகழ்பெற்ற வேடிக்கைச் சித்திரக்காரரின் படங்களை மாதந்தோறும் வெளியிட விரும்பினார்கள். படத்தோடு இணைத்துக்கொள்ள ஏதேனும் கதை வேண்டுமே என்று இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவரை அமர்த்தினார்கள். அவரே சார்லஸ் டிக்கன்ஸ். படத்துக்காகக் கதை என்பது முதல் ஏற்பாடு. டிக்கன்ஸ் அதை ஒப்பவில்லை. கதைக்காகவே படம் என்று வாதாடினார். இரண்டாம் இதழுக்கான படங்களை வரைந்துகொண்டிருந்த நிலையில் சீமோர் தற்கொலை செய்துகொண்டார். அடுத்து வந்த பஸ் என்பவருக்கு உலோகத் தகட்டில் அமிலம் கொண்டு அரித்துப் படம் எடுக்கும் வித்தை பழகவில்லை. அவர் படங்கள் தேறவில்லை. அவ்வமயம், தாம் வரைந்த சில படங்களை எடுத்துக்கொண்டு டிக்கன்ஸின் அறைக்கே சென்று வேலை கேட்ட இளைஞர்களுள் ஒருவர் தாக்கரே. அவரை ஏற்கவில்லை. இதைப் பின்னாளில் தாக்கரேயே ஒரு விருந்தில் நகைச்சுவையோடு நினைவுகூர்ந்தார். ஏற்கப்பெற்றவர் 'ஃபிஸ்' என்று கையொப்பமிட்ட ஹேப்லட் பிரௌன். அவ்விணைப்பு இருபதாண்டுக்கு மேல் நீடித்தது. டிக்கன்ஸின் பத்து நூல்களுக்கு அவர் படம் வரைந்தார்.

'பிக்விக் பேப்பர்ஸ்' என்னும் அந்நூலின் தொடக்க இதழ்கள் சில நூறு படிகளே விற்றன. முடிவதற்குள் மாதம் 40,000 படிகள் விற்கத் தொடங்கின. ஒரு ஷில்லிங் விலை, 32 பக்கம், இரண்டு படம். முழு நாவலை மூன்று பாகங்களாக வாங்க முப்பத்தொன்றரை ஷில்லிங் கொடுக்க வேண்டியிருந்த நாட்டில், மாதம் ஒரு ஷில்லிங் என்றால் குமாஸ்தாவும் கடைக்காரரும் வாங்க முடிந்தது. எழுத்தறியாதவரும் பிறர் படிக்கக் கேட்டுப் படத்தைக் கண்டு மகிழ்ந்தனர். அடுத்த மாதத்து இதழ் வரும்வரை கதாபாத்திரத்தை மனத்தில் நிறுத்தியது அந்தப் படமே.

படம் அச்சேறிய முறையையும் அறிந்துகொள்வது நலம். ஏனெனில் தொழிலின் தன்மை கதையின் தன்மையையும் தொட்டது. உலோகத் தகட்டுப் படத்தை எழுத்தோடு சேர்த்து அச்சிட இயலாது. தனித் தாளில் தனி இயந்திரத்தில் அச்சிட்டுப் புத்தகத்தினுள் செருகவேண்டும். மரக்கட்டைப் படமோ அச்செழுத்தின் உயரத்துக்கே செதுக்கப்படுவது. எழுத்துகளுக்கு நடுவே அதனைப் பொருத்தி ஒரே அழுத்தத்தில் அச்சிடலாம். இதற்கு உகந்தது பாக்ஸ் என்னும் மரம். அதனைக் குறுக்காக அறுத்து, இழையின் முனை மேலே தெரியுமாறு இழைத்து, அம்முகத்தில் கூரிய உளியால் செதுக்குவார்கள். அம்மரம் பருமனாக வளர்வதில்லை; ஆகவே பெரிய படத்துக்குப் பல துண்டுகளைத் திருகாணியால் பிணைப்பார்கள். அவசரமான வேலையென்றால் துண்டுகளைக் கழற்றி ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து, இரவோடு இரவாகச் செதுக்கச் செய்து, விடிந்ததும் மீண்டும் இணைப்பார்கள். ஓவியர் கட்டையின் மேலேயே வரைந்தார். செதுக்குபவர் அக்கோட்டைச் சுற்றி மரத்தைக் களைந்தார். வேலை முடியும்போது ஓவியரின் மூலச் சித்திரம் அழிந்துபோயிருக்கும். மிஞ்சுவது செதுக்குபவரின் கைத்திறனே. அந்தக் கைகள் பலவற்றின் பெயர் இன்று எவருக்கும் தெரியாது. புகைப்பட வழியில் ஓவியத்தைக் கட்டைக்கு மாற்றும் முறை 1860-களில் பரவிய பின்னரே மூல ஓவியங்கள் பிழைத்தன.

இப்போது 'வானிட்டி ஃபேர்' நாவலுக்குத் திரும்புவோம். 1847-ஆம் ஆண்டு ஜனவரி முதல் 1848-ஆம் ஆண்டு ஜூலை வரை அது மாத இதழாக வந்தது. டிக்கன்ஸிடம் வேலை கிடைக்காத தாக்கரே, தம் கதைக்குத் தாமே படம் வரைந்தார். முழுப்பக்கத் தகட்டுப் படங்கள் ஒருபுறம். அத்தியாயத் தொடக்கத்தில் முதலெழுத்தையே சித்திரமாக்கிய கட்டைப் படங்கள் மறுபுறம். அறுபத்து நான்காம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் பெக்கி ஷார்ப்பை நெப்போலியனின் கோலத்தில் நிறுத்தியிருக்கிறார். செயின்ட் ஹெலினாவில் கண்ட ஐந்து வயதுச் சிறுவனின் நினைவு முப்பதாண்டுக்குப் பின் ஓர் எழுத்தின் ஓரத்தில் வந்து நின்றது என்று எண்ணிக்கொள்வதில் நமக்கு ஒரு தனி இன்பம்.

கடைசி இதழில் ஒரு படம் உண்டு. ஜோசப் செட்லி தன் நண்பனிடம் கைகூப்பி ஏதோ மன்றாடுகிறான். பின்னே திரைச்சீலையின் மறைவில் பெக்கி நிற்கிறாள். அவள் முகத்தில் ஒளி விழும் விதமும், கையில் எதையோ மறைத்துப் பிடித்திருப்பது போன்ற நிலையும் காண்போரை நடுங்கச் செய்யும். படத்தின் கீழே, பெக்கி கிளைடெம்னெஸ்ட்ராவாக இரண்டாம் முறை தோன்றுவதாகக் குறிப்பிட்டிருக்கிறது. கிளைடெம்னெஸ்ட்ரா கிரேக்கக் காப்பியத்தில் கணவனைக் கொன்றவள். இரண்டாம் முறை என்றால் முதல் முறை எது? பல அத்தியாயங்களுக்கு முன், பெரிய மனிதர் ஒருவரின் மாளிகையில் நடந்த விளையாட்டு நாடகத்தில் அவள் அவ்வேடம் பூண்டிருக்கிறாள். அப்போது எல்லோரும் கைதட்டினார்கள். இப்போது கைதட்ட எவரும் இல்லை.

எழுத்து சொல்லத் தயங்கிய ஒன்றைப் படம் சொல்லிவிடுகிறது. சொல்லிவிடுகிறது என்பதும் மிகை. வாசகன் காதில் முணுமுணுக்கிறது எனலாம். எழுதிய கையும் வரைந்த கையும் ஒன்றே. ஆகவே இது ஓவியரின் கற்பனை என்று தள்ளவும் வழியில்லை. ஒரு குற்றத்தின் சாட்சியத்தை எழுத்துக்கும் படத்துக்கும் பங்கிட்டுக் கொடுத்தார் தாக்கரே. படத்தை நீக்கிய பதிப்பைப் படிப்பவன் பாதிச் சாட்சியைக் கேட்டுத் தீர்ப்பெழுதும் நீதிபதிக்கு ஒப்பானவன்.

ஆயினும் பழியை நம் நாட்டுத் தேர்வுப் பதிப்பாளர் தலையில் மட்டும் சுமத்துதல் முறையாகாது. 1853-ஆம் ஆண்டில், தாக்கரே உயிரோடிருக்கும்போதே, விலை குறைந்த பதிப்பொன்று வந்தது. அதிலேயே படங்கள் இல்லை. மலிவு வேண்டுமென்றால் முதலில் கழிவது படம்தான். அன்றியும் எல்லா நாவலுக்கும் படம் உயிரென்று சாதிக்கவும் நாம் முயலவில்லை. டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' 1860-இல் அவருடைய வார இதழில் தொடங்கியபோது படமின்றியே வந்தது. அதன் சுவை குன்றவில்லை. எந்த நூலில் படம் பாடத்தின் பகுதி, எதில் அது வெறும் அணி என்று பிரித்தறிவதுதான் அந்த வகுப்பு நமக்குக் கற்பித்த வேலை. லூயிஸ் கரோலின் 'ஆலிஸ்' கதையில் ஒரு விந்தை விலங்கை வருணிக்க வேண்டிய இடத்தில், தெரியாதவர்கள் படத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆசிரியர் நகர்ந்துவிடுகிறார். அந்நூலுக்கு 42 படம் வரைந்த ஜான் டெனியல், 1865-இல் அச்சு தெளிவாக இல்லை என்று குறை கூறவே, அச்சிட்ட 2,000 படிகளையும் ஆசிரியர் தம் செலவில் திரும்பப் பெற்றார். ஓவியரின் சொல்லுக்கு அன்றிருந்த மதிப்பு அத்தகையது.

இவையெல்லாம் அயல்நாட்டுச் செய்தி என்று எவரேனும் எண்ணினால், அவர்களைக் கல்லூரித் தெருவின் பழைய புத்தகக் கடைகளுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வங்க மொழியில் முதன்முதல் படத்தோடு அச்சேறிய நூல் பாரதசந்திரரின் 'அன்னதாமங்கல்'. கங்காகிசோர் பட்டாசாரியர் அதனை 1816-இல் வெளியிட்டார். அதாவது, சிறுவன் தாக்கரே கல்கத்தாவை விட்டுக் கப்பலேறிய அதே ஆண்டு! ராம்சந்த் ராய் என்ற செதுக்குநரின் பெயர் அப்படங்களில் காணப்படுகிறது. பின்னர் வடகல்கத்தாவின் பட்தலா வட்டாரத்து அச்சகங்கள் பஞ்சாங்கத்துக்கும் புராணத்துக்கும் கட்டைப் படம் செதுக்கித் தள்ளின.

உபேந்திரகிசோர் ராய் சிறுவர்க்காக இராமாயணம் எழுதி, படமும் வரைந்தார். கட்டைச் செதுக்கலில் அப்படங்கள் உருக்குலைந்து வந்தன. மனம் நொந்த அவர், இங்கிலாந்திலிருந்து கருவிகளைத் தருவித்து, புகைப்பட வழியில் 'பிளாக்' எடுக்கும் தொழிலைத் தாமே பயின்றார். பயின்றதோடு நில்லாமல், அத்துறையில் அவர் கண்ட நுட்பங்களை லண்டனிலிருந்து வந்த 'பென்ரோஸ்' ஆண்டு மலரில் கட்டுரையாக எழுதினார். அவர் மகன் சுகுமார் ராய் 1911-இல் இங்கிலாந்து சென்று அதே தொழிலைக் கற்றுத் திரும்பினார். தாமே எழுதி, தாமே வரைந்த 'ஆபோல் தாபோல்' நூல் 1923-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவருவதற்குச் சில நாள் முன்னர் காலமானார். அவர் மகன் சத்யஜித் ராய், 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சுருக்கப் பதிப்புக்குப் படம் வரைந்தபோதுதான் அக்கதை திரைப்படமாகலாம் என்னும் எண்ணம் கொண்டார். அத்திரைப்படமும் ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகமும் ஒரே ஆண்டில், 1955-இல், வெளிவந்தவை. மூன்று தலைமுறையும் படத்தையும் எழுத்தையும் ஒரே மேசையில் வைத்து உழைத்த குடும்பம் வாழ்ந்த நகரில், விக்டோரியப் பட நாவலைப் படிப்பது எவ்வாறு அயலாகும்?

நாம் படித்து வெளியேறிய பின்னர், 2003-ஆம் ஆண்டில், அப்பல்கலைக்கழகத்தில் பண்பாட்டு ஏடுகளையும் ஆவணங்களையும் காப்பதற்கெனத் தனிப் பள்ளியொன்று தோன்றியது. அங்குள்ள அறிஞர் இருவர் தொகுத்த, இந்திய நாட்டு நூல் வரலாறு பற்றிய கட்டுரைத் திரட்டு 2004-இல் வந்தது. தாகூரின் கையெழுத்துப் படிகளையும் பதிப்புகளையும் ஒப்பிட்டுக் காட்டும் 'பிசித்ரா' என்னும் பெரும் கணினித் தொகுப்பையும் 2013-இல் அவர்களே நிறைவேற்றினார்கள். நம் காலத்திலோ, ஆசிரியர் தம் வீட்டிலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவந்த பழைய பதிப்பு ஒன்றே உண்டு. பத்துப் பேர் மேசையைச் சுற்றி நின்று, மூச்சுக் காற்றுப் படாமல் குனிந்து பார்த்தோம். அதிலும் இரண்டு படங்களை முன்பு யாரோ கத்தரித்து எடுத்திருந்தார்கள். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள் போலும்.

அன்று மாலை வீடு திரும்பிப் பெரியப்பாவிடம் ஜோசப் செட்லியின் கதையைக் கூறினோம். படம் இருந்தால் கொலை, இல்லாவிட்டால் சாவு என்றோம். இம்முறை அவர் சிரிக்கவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து, கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியை இழுத்தார். சென்னையிலிருந்து ஹவுராவுக்கு அவரோடு இரயிலேறி வந்த பெட்டி அது. வேட்டிகளுக்கும் பழைய ரசீதுகளுக்கும் அடியில், காலிகோ ஒட்டிய ஐந்து கனத்த புத்தகங்கள் இருந்தன. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வந்த 'பொன்னியின் செல்வ'னை வாரந்தோறும் பிரித்தெடுத்து, வரிசைப்படுத்தி, பைண்டு செய்வித்து வைத்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் மணியத்தின் ஓவியம். நாம் அந்நாவலை நூலகப் பதிப்பிலேயே படித்திருந்தோம். அதில் ஓவியம் இல்லை. கல்கியின் நூல்கள் நாட்டுடைமையான பின்னர் வந்த மலிவுப் பதிப்புகள் பலவற்றிலும் இல்லை. விகடனில் வந்த 'தில்லானா மோகனாம்பா'ளுக்கும் கோபுலுவின் கோடுகளே முதன்முதல் உருக் கொடுத்தன என்பது அக்காலத்து வாசகர்க்குத் தெரியும். அவற்றைக் கண்டவர் தொகை ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகிறது.

பெரியப்பா ஒவ்வொரு படமாகக் காட்டிக்கொண்டே வந்தார். நந்தினியின் படம் வந்ததும் நிறுத்தினார். "இவள் நல்லவளா, கெட்டவளா என்று கல்கி ஐந்து பாகம் எழுதினார். இந்தக் கண்ணைப் பார். மணியம் என்ன சொல்கிறார்?" என்று கேட்டார். நாம் பார்த்தோம். நெடுநேரம் பார்த்தும் விடை சொல்லத் தெரியவில்லை. சாளரத்தருகே எடுத்துச் சென்று மீண்டும் பார்த்தோம். பைண்டு செய்தவர் ஓரத்தை ஒழுங்குபடுத்த வெட்டியபோது படத்தின் கீழ்மூலையும் சிறிது போயிருந்தது. கையொப்பத்தில் 'மணி' மட்டுமே எஞ்சியிருந்தது.